ஈசானிய மூலைச் சக்கரம்

நெருப்பைக் கண்டறிந்தவனின் பெயரை மனித குலம் மறந்துவிட்டது. சக்கரத்தை முதன்முதலில் உருட்டியவனின் பெயரும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால், உருளும் சக்கரத்தைத் தம் சொந்த முயற்சியால் நிறுத்த முற்பட்ட மாமனிதரின் பெயர் நமக்குத் தெரியும். அவர் அருள்பாண்டி. முகவரி: பொற்சோலை நகர், சமயநல்லூர் சாலை, மதுரை.

ஞாயிற்றுக்கிழமை பிறர்க்கெல்லாம் ஓய்வு நாள். அருள்பாண்டிக்கு அது 'சுயசார்பு நாள்'. காலைப் பலகாரம் முடிந்து கை ஈரம் காய்வதற்குள் நீலநிறக் கருவிப் பெட்டியைத் திறப்பார். கைப்பேசியைச் சுவரில் சாய்த்து, கறுப்புக் கண்ணாடி அணிந்த யாரோ ஓர் இளைஞனின் காணொளியை ஓடவிடுவார். பிறகு வீட்டில் உள்ள ஏதேனும் ஒரு பொருளைப் பழுதுபார்ப்பார். அந்தப் பொருள் பழுதாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் இல்லை. ஆண்டுக்கணக்காக இந்த வழக்கம் ஒரு வாரமும் தவறியதில்லை.

இதன் பயன்களை அந்த வீட்டில் எங்கும் காணலாம். கூடத்து மின்விசிறி காற்றை மேல்நோக்கி அனுப்புகிறது. கூரையில் வாழும் பல்லிகள் கோடையிலும் நலமாக இருக்கின்றன. குளியலறைக் குழாய் மூடினால் ஒழுகுகிறது, திறந்தால் நிற்கிறது. வாசலில் அழைப்புமணியை அழுத்தினால் சமையலறை விளக்கு எரிகிறது. அவருடைய மனைவி தமிழ்வாணி, விளக்கு எரிவதைப் பார்த்துக் கதவைத் திறக்கப் பழகிக்கொண்டாள். பகலில் வருகிறவர்கள்தாம் சற்று நேரம் நிற்க வேண்டியிருக்கும்.

அலுவலகத்தில் அவர் ஒருங்கிணைப்புப் பிரிவின் கண்காணிப்பாளர். ஒரு பிரிவின் தாமதத்தை மற்றொரு பிரிவின் தாமதத்தோடு முரண்பாடு நேராமல் இணைப்பதே அப்பிரிவின் அரும்பணி. அங்கே ஒரு வேலை கெட்டுவிட்டால், அதற்கு வேறொருவர் காரணம் என்பதை அன்று மாலைக்குள் கண்டறிந்துவிடுவார்கள். அந்தப் பயிற்சிதான் இந்தக் கதையில் அருள்பாண்டிக்குப் பெரிதும் உதவப் போகிறது.

அவரிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. அதன் பிரேக் பெடல் சில நாள்களாக மெத்தையை மிதிப்பதுபோல் பொதபொதவென்று உள்ளே போகத் தொடங்கியிருந்தது. மிதித்த உடனே நிற்க வேண்டிய கார், சற்று யோசித்துவிட்டு நின்றது.

இதன் காரணத்தை எளிதாகச் சொல்லிவிடலாம். பெடலை மிதிக்கும் காலின் வலு, மெல்லிய குழாய்களில் நிறைந்திருக்கும் பிரேக் எண்ணெயின் வழியாகவே சக்கரங்களுக்குப் போய்ச் சேர்கிறது. அந்தக் குழாய்க்குள் காற்றுக் குமிழி ஒன்று புகுந்துவிட்டால், எவ்வளவு மிதித்தாலும் அழுத்தத்தைத் தான் வாங்கிக்கொண்டு உள்ளே சுருங்கி உட்கார்ந்துவிடும். காக்கையும் நரியும் பேசும் கதைகளில் வருவதுபோல் அதற்கும் வாய் இருந்தால், "தங்கள் ஆணை கிடைக்கப்பெற்றேன், மேல்நடவடிக்கைக்காகக் காத்திருக்கிறேன்" என்று சொல்லும். அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் காருக்குள் அமர்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தின் பின்னால் உள்ள சிறு திருகைத் திறந்து, காற்றையும் கொஞ்சம் எண்ணெயையும் வெளியே விட்டு மூட வேண்டும். எண்ணெய் குறையக் குறைய, பானெட்டுக்குள் இருக்கும் சிறிய கப்பில் மீண்டும் ஊற்றிக்கொண்டே வர வேண்டும். அந்தக் கப்பு வற்றினால், வெளியேற்றிய காற்றைவிட அதிகமான காற்று உள்ளே புகுந்துவிடும்.

இதைக் காணொளி இளைஞன் தொடக்கத்திலேயே சொன்னான். ஆனால் தொடக்கங்களை விரலால் தள்ளிவிட்டு நேராக நடுப்பகுதிக்குப் போவது அருள்பாண்டியின் வழக்கம்.

அந்த ஞாயிறு சாதாரண ஞாயிறாக இருக்கவில்லை. மறுநாள் காலை முகூர்த்தத்தில், திருமங்கலத்துக்கு அப்பால் குலதெய்வக் கோயிலில், அவருடைய தங்கை முத்துமீனாவின் இளைய மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் அமர்த்தித்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். மூத்த மகளின் காதுகுத்துக்கு அருள்பாண்டி போய்ச் சேரவில்லை. தாமே பழுதுபார்த்த ரேடியேட்டர் வழியில் திருநகர் அருகே வெந்து ஆவியாகிவிட, அவர் சாலையோரம் நின்றிருந்தார். அங்கே குழந்தையை யாரோ ஒரு பெரியப்பாவின் மடியில் அமர்த்தும்படி ஆயிற்று. அதன்பின் முத்துமீனா நெடுநாள் அவரோடு பேசவில்லை. இப்போதுதான் பேச்சு தொடங்கியிருந்தது.

அன்று காலையும் பேசினாள்.

"அண்ணே, நாளைக்கு வந்துருவீல்ல?"

"வராம என்ன? சீர்த்தட்டெல்லாம் ரெடி. கார்ல சர்ருன்னு வந்துருவோம்."

"கார்லயா?" "அண்ணே, நான் சொல்றதச் சொல்லிப்புட்டேன். இந்தத் தடவையும் நீ நேரத்துக்கு வரலைன்னா, சின்னவளைத் தூக்கி மைக்செட்காரர் மடியில உக்கார வச்சிருவேன். அதுக்குப் பெறகு எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்ல."

தமிழ்வாணி சீர்த்தட்டுகளுக்கு வண்ணத்தாள் சுற்றிக்கொண்டிருந்தாள். சமயநல்லூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள்; மருந்துச் சீட்டில் கிறுக்கலைப் படித்துப் பழகியதால், கணவரின் முகத்தைப் படிப்பதும் அவளுக்குக் கடினமில்லை.

"என்னங்க, பேயாண்டி அண்ணன் ஒர்க்‌ஷாப்புல விட்டா அரை மணி வேலையாம். நேத்தே கேட்டேன். மத்தியானம் கடையைச் சாத்திருவாராம், அதுக்குள்ள மெதுவா ஓட்டிக் கொண்டாரச் சொன்னாரு."

"அரை மணியில முடியிற வேலைக்கு ஒர்க்‌ஷாப்புக்குப் போனா, நான் ஒருத்தன் இந்த வீட்டுல எதுக்கு இருக்கேன்?"

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள் தமிழ்வாணி.

கார் போர்டிகோவில் மேற்குப் பார்த்து நின்றது. தமிழ்வாணி ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தப்பட்டாள். அருள்பாண்டி, காணொளி காட்டியபடி, இடப்பக்கப் பின்சக்கரத்தின் கீழ்ப் பாய் விரித்துப் படுத்தார். திருகில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, அதன் மறுமுனையை ஊறுகாய்ப் பாட்டிலுக்குள் விட்டார். ஆணைகள் பிறக்கலாயின.

"மிதி!"

"மிதிச்சிட்டேன்."

"பிடி!"

"பிடிச்சிருக்கேன்."

"விடு!"

முதலில் எல்லாம் அழகாகவே நடந்தது. பாட்டிலுக்குள் குமிழிகள் வந்தன. தம் வாழ்நாளில் தாம் இட்ட ஆணைக்கு உடனுக்குடன் பலன் கிடைப்பதை முதன்முறையாகக் கண்ட அருள்பாண்டி, அந்த இன்பத்தில் பாயிலிருந்து எழவே மறந்துவிட்டார். எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. அவரும் ஆணையிட்டுக்கொண்டே இருந்தார்.

ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உரத்த குரலில் "மிதி", "விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தால் பொற்சோலை நகர் சும்மா இராது. குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர் துளசிராம், தம் பிளாஸ்டிக் நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு வந்து போர்டிகோவில் அமர்ந்தார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பேச்சையும் தீர்மானமாக மாற்றும் ஆற்றல் படைத்தவர். அவருக்குப் பின்னால் வேறொரு நாற்காலியோடு சிவனாண்டி வந்தார். மனை விற்பனை அவருடைய தொழில். விற்காத மனைகளுக்கு வாஸ்து பார்ப்பது உபதொழில். உறவுமுறை எதுவும் இல்லாவிட்டாலும் அருள்பாண்டியை 'மாப்ள' என்றே அழைப்பார்.

"அம்மா, கொஞ்சம் சீரா மிதிங்க" என்றார் துளசிராம், அமர்ந்த மாத்திரத்தில்.

"தங்கச்சி, குதிங்காலை ஊனி மிதி" என்றார் சிவனாண்டி.

"இன்னும் வேகமா" என்றார் துளசிராம்.

"வேகம் கூடாது, நிதானம்" என்றார் சிவனாண்டி.

"மிதி!" என்றார் காருக்கு அடியிலிருந்து அருள்பாண்டி.

தமிழ்வாணி மிதித்தாள். பெடல் எந்தத் தடையும் இன்றித் தரைவரை போய் ஒட்டிக்கொண்டது.

"என்னங்க, இது கீழ போயி படுத்துக்கிச்சு."

"எந்திரிக்கச் சொல்லு!" என்றார் சிவனாண்டி.

அருள்பாண்டி வெளியே வந்தார். தலையில் கொஞ்சம் தூசு, மனத்தில் கொஞ்சம் ஐயம். பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்தார். எண்ணெய்க் கப்பு, ஆடிக் காற்றில் காய்ந்த கொட்டாங்கச்சிபோல் வற்றிக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அவர் வாங்கி வைத்திருந்த புதிய எண்ணெய் டப்பா திறக்கப்படாமலே நின்றது.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குமிழியை வெளியேற்றப் போய், மதுரை மேற்கிலுள்ள காற்று முழுவதையும் உள்ளே அழைத்துக் குடிவைத்திருக்கிறார். இதை இரண்டு சொல்லில் சொல்லிவிடலாம்: 'என் தவறு.' ஆனால் இரண்டு நாற்காலிகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. கண்காணிப்பாளர் பதவியில் இருபதாண்டுப் பழக்கம் அவர் தோளைத் தட்டி எழுப்பியது.

அவர் பானெட்டை மெல்ல மூடினார்.

"எல்லாம் கரெக்டா இருக்கு. மிதிக்கிற ஆளுக்குத்தான் டெக்னிக் தெரியலை."

தமிழ்வாணி கார்க் கண்ணாடிக்குள்ளிருந்து அவரைப் பார்த்தாள்.

"நெனச்சேன்" என்றார் துளசிராம். "பெடல் மிதிக்கிறதுங்கறது ஒரு கலை."

"இல்லை மாப்ள" என்று சிவனாண்டி எழுந்தார். கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து, காரைச் சுற்றி ஒரு வலம் வந்தார். "தங்கச்சி மேல மட்டும் குத்தம் சொல்லக்கூடாது. எடமே தப்பு. நீ படுத்திருக்கிறது எந்த மூலை தெரியுமா? அக்கினி மூலை! அங்க போயி எண்ணெயைத் திறந்து விடுற. நெருப்புல எண்ணெயை ஊத்துனா எப்படி மாப்ள காரியம் வெளங்கும்?"

"அப்ப எந்த மூலைங்க மாமா?"

"ஈசானியம். வடகிழக்கு. தண்ணியோ எண்ணெயோ, எது வெளிய போனாலும் ஈசானியத்துலதான் போகணும்."

"ஆனா வீடியோல இடப்பக்கப் பின்சக்கரத்துலதான் ஆரம்பிக்கச் சொல்றான்."

"அந்தச் சக்கரத்தை ஈசானியத்துக்குக் கொண்டு போ. சக்கரம்னா உருளும்ல?"

துளசிராம் விரல்களை மடக்கிக் கணக்கிட்டார். "அப்படின்னா கார் தெற்குப் பார்த்து நிக்கணுமே. தெற்கு எமன் திசை ஆச்சே சார்?"

"எமன் முன்னாடிதானே வர்றாரு? முன்னாடி வர்றவரை நாம பார்த்துக்கலாம். பின்னாடிதான் தலைவரே ஈசானியம் வேணும்."

இந்த விளக்கம் ஒருமனதாக ஏற்கப்பட்டது. அருள்பாண்டி மற்ற இருவரைக் காட்டிலும் விரைவாக ஏற்றுக்கொண்டார். வற்றிய கப்பின் மீது பழி விழாமல் இருக்க, திசைகளே முன்வந்து பொறுப்பேற்பது எவ்வளவு பெரிய உபகாரம்! 'இன்னொரு முறை ஊத்திச் செஞ்சா எல்லாம் சரியாகிரும். யாருக்கும் தெரியப்போறதில்லை' என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

போர்டிகோவில் காரைத் திருப்ப இடமில்லை. ஆகவே தெருவுக்குத் தள்ளுவதென்று முடிவாயிற்று. பொற்சோலை நகரின் தெரு, வடக்கே மேடாகத் தொடங்கித் தெற்கே சரிந்து கண்மாய்க்கரையில் முடிகிறது. பாதிச் சரிவில் ஒரு வேகத்தடை வேண்டுமென்று சங்கம் பலமுறை தீர்மானம் போட்டிருந்தது. அதன் பயனாகக் கண்மாய்க்கரையில் 'வேகத்தடை உள்ளது, மெதுவாகச் செல்லவும்' என்ற பலகை நடப்பட்டுவிட்டது. வேகத்தடைதான் இன்னும் போடப்படவில்லை.

"நான் எறங்கிக்கிறேனே" என்றாள் தமிழ்வாணி.

"ஸ்டீயரிங்கை யாரு பிடிக்கிறது? உக்காரு. நான் முன்னாடி நின்னு ரூட் சொல்றேன்."

சங்கத் தலைவரும் வாஸ்து நிபுணரும் பின்னால் கை வைத்தார்கள். அருள்பாண்டி காருக்கு முன்னால் நின்று, நம் நாட்டில் பின்னோக்கி நடக்கத் தெரிந்த எல்லா ஆண்களையும் போல, இரு கைகளாலும் காரை அழைத்தார்.

"வா… வா… இன்னும் வா… அப்படியே ஒடிச்சு வா…"

கார் வாசலைக் கடந்து தெருவுக்கு வந்தது. தெற்கே திரும்பியது. இடப்பக்கப் பின்சக்கரம் துல்லியமாக ஈசானிய மூலையில் போய் அமர்ந்தது. சிவனாண்டி திசைகாட்டியைப் பார்த்து, "சபாஷ்!" என்று கைதட்டினார். கை தட்டுவதற்காகக் காரிலிருந்து கையை எடுத்தார். துளசிராமும் மரியாதைக்குச் சேர்ந்து தட்டினார்.

"வரலாம், வரலாம்… போதும், நிப்பாட்டு" என்றார் அருள்பாண்டி.

கார் நிற்கவில்லை.

"நிப்பாட்டு வாணி!"

"நிக்க மாட்டேங்குதுங்க!"

"மிதி!"

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்!"

அருள்பாண்டி சற்று வேகமாகப் பின்னோக்கி நடந்தார். காரும் சற்று வேகமாக வந்தது. அவர் முன்னோக்கித் திரும்பி ஓடத் தொடங்கினார். ஓடும்போதும் வலக்கை மட்டும் பழக்கத்தால் பின்னால் நீண்டு "வா, வா" என்று காரை அழைத்துக்கொண்டே இருந்தது.

"ஒதுங்குங்க! ஓரமா ஒதுங்குங்க!" என்று கத்தினாள் தமிழ்வாணி.

"மிதி! விடாம மிதி!"

"தங்கச்சி, குதிங்காலு!" என்று மேட்டிலிருந்து சிவனாண்டியின் குரல் கேட்டது.

வேகத்தடை இருந்திருக்க வேண்டிய இடத்தைக் கார் வழுக்கிக்கொண்டு கடந்தது. தெரு முடிந்தது. அருள்பாண்டி ஓடுவதற்கு இடமின்றிக் காரின் பக்கம் திரும்பி, 'மெதுவாகச் செல்லவும்' பலகையில் முதுகு மோதி நின்றார். கார் வந்தது. அந்தக் கணத்தில் அவர் கண்ணுக்குத் தெரிந்தது எமனோ ஈசானியமோ அன்று. வற்றிக் கிடந்த எண்ணெய்க் கப்புதான்.

கிர்ர்ரென்று ஒரு நீண்ட ஒலி. கார் ஒரு குலுக்குக் குலுக்கி, அவருடைய வயிற்றுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

தமிழ்வாணி ஹேண்ட்பிரேக்கை இரு கைகளாலும் பற்றி இழுத்துப் பிடித்திருந்தாள். அதற்கு எண்ணெயும் தேவையில்லை, கப்பும் தேவையில்லை; ஒரு கம்பியில் இயங்குவது. அந்த வீட்டு உடைமைகளில் அருள்பாண்டி இதுவரை பழுதுபார்க்காமல் விட்டுவைத்திருந்தது அது ஒன்றுதான்.

அவள் கார்க் கதவைத் திறந்து இறங்கினாள். "அடி பட்டுச்சா?" என்று கேட்டு, அவர் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

இத்தகைய நேரங்களில்தான் ஒரு சங்கத்தின் அருமை தெரியும். இரைக்க இரைக்க வந்து சேர்ந்த துளசிராம், அவ்விடத்திலேயே அவசரக் கூட்டத்தைக் கூட்டினார். சிவனாண்டி வழிமொழிய இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று: 'கட்டுப்பாட்டை இழந்த வாகனத்துக்கு முன்னால் தாமே ஓடி, தம் உயிரையும் பொருட்படுத்தாமல் அதற்குக் கடைசிவரை வழிகாட்டிய திரு. அருள்பாண்டி அவர்களைச் சங்கம் பாராட்டுகிறது.' இரண்டு: 'பெடலில் போதிய அழுத்தம் தரப்படாமையே இந்நிகழ்வுக்குக் காரணம் எனச் சங்கம் வருந்துகிறது, நகர்ப் பெண்களுக்குப் பெடல் மிதிக்கும் பயிற்சி முகாம் நடத்தப் பரிந்துரைக்கிறது.'

"நீங்க என்ன சொல்றீங்க தம்பி?" என்று துளசிராம் கேட்டார்.

அருள்பாண்டி வாயைத் திறந்தார். கப்பு என்று சொல்லத்தான் திறந்தார். காற்றுதான் வந்தது. மீண்டும் மூடிக்கொண்டார்.

தமிழ்வாணி அவர் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது மூடியதும் எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு வீட்டை நோக்கி நடந்தாள். தீர்மானங்கள் அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் பொற்சோலை நகர் வாட்ஸ்அப் குழுவில் வெளியாயின.

பேயாண்டி கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். மறுநாள் விடிந்ததும் கணவனும் மனைவியும் சீர்த்தட்டுகளைச் சுமந்துகொண்டு பேருந்து ஏறினார்கள்; பெரியார் நிலையத்தில் மாறி, திருமங்கலத்துக்கு வேறொரு பேருந்து. பட்டுப்பாவாடைத் தட்டு நடத்துநரின் மடியிலும், பழத்தட்டு ஓட்டுநரின் பக்கத்திலும் பயணம் செய்தன. பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொன்னபடி நின்றது. அருள்பாண்டி அதை வியப்போடு பார்த்தார். தமிழ்வாணி சன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். முதல் நாள் மதியத்திலிருந்து அவள் அவரோடு ஒரு சொல் பேசவில்லை.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முத்துமீனா ஓடி வந்தாள். ஆனால் அண்ணனைத் தாண்டி நேரே தமிழ்வாணியிடம் போனாள்.

"என்ன மதினி, எங்கண்ணனை ஏத்திக் கொல்லப் பார்த்தீங்களாம்ல? உங்க நகர்த் தீர்மானம் நம்ம சொந்தக்காரங்க குரூப்பு வரைக்கும் வந்துருச்சு. சோழவந்தான் பெரியம்மா வரைக்கும் போன் போட்டுக் கேக்குறாங்க."

"ஒழுங்கா மிதிக்கத் தெரியலை மீனா. முகாம்ல சேரலாம்னு இருக்கேன்" என்றாள் தமிழ்வாணி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அன்று கோயில் வளாகத்தில் அவள் போன இடமெல்லாம் பேச்சு நின்றது. அவள் நகர்ந்ததும் தொடர்ந்தது. அருள்பாண்டி மாலையும் புதுத்துண்டுமாக மணைப்பலகையில் அமர்ந்து, தங்கை மகளை மடியில் ஏந்தினார். ஆசாரி ஊசியை எடுத்தார். பின்னால் இரண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கால்ல தெம்பு இல்லாத பொம்பளைக்கு எதுக்குண்ணே காரு?"

"பாவம்ண்ணே இவரு. எப்படித்தான் வச்சுக் குடும்பம் நடத்துறாரோ."

ஊசி இறங்கியது. குழந்தை வீறிட்டு, தாய்மாமனின் தோளைக் கடித்தது. அந்தக் கடி அவருக்குப் பொருத்தமாகவே பட்டது. எதிரே, சீர்த்தட்டுகளுக்குப் பக்கத்தில், தமிழ்வாணி தனியே நின்றிருந்தாள். தாம் இந்த மடியோடு இங்கே உயிரோடு உட்கார்ந்திருப்பதற்கு அவளுடைய இரண்டு கைகள் காரணம் என்பது அந்தக் கூட்டத்தில் இருவருக்குத்தான் தெரியும்; அந்த இருவரும் பேசவில்லை.

மைக்செட்காரர் அறிவித்தார்: "தாய்மாமன் அருள்பாண்டி அவர்கள் சீர்… சீர்… சீர்…" எதிரொலி அவருடைய சிறப்பு.

அருள்பாண்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டே எழுந்து போய் மைக்கை வாங்கினார்.

"எல்லாருக்கும் வணக்கம். சீரோட சேர்த்து ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டுக்காரிக்கு மிதிக்கத் தெரியலைன்னு ஒரு தீர்மானம் சுத்திக்கிட்டு இருக்கு. அவ ஒழுங்காத்தான் மிதிச்சா. எண்ணெய்க் கப்பு வத்திப் போச்சு. அதைப் பார்த்து ஊத்த வேண்டிய ஆளு நானு. பெறகு பார்த்தேன். பார்த்துட்டு மூடி வச்சுட்டு, பழியை அவ மேல போட்டேன். தெருவே அவளை ஏசுச்சு. நான் வாயைத் திறக்கலை. வண்டியை நிப்பாட்டி என் உசிரைக் காப்பாத்துனது அவதான்."

"அவதான்… தான்… தான்…" என்றது மைக்செட். இந்த ஒரு முறையாவது அந்தக் கருவி உண்மையைத் திரும்பத் திரும்பச் சொன்னது.

தமிழ்வாணி நெருங்கி வந்து, அழும் குழந்தையை அவர் தோளிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அம்புட்டுத்தானா?"

"வேற என்ன வாணி?"

"ஃபேனு, பாத்ரூம் குழாயி, காலிங்பெல்லு… அதெல்லாம் யாரு மிதிச்சுக் கெட்டுச்சு?"

மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. திருமங்கலம் வட்டாரமே சிரித்தது. முத்துமீனா சிரித்த சிரிப்பில் அண்ணன் தங்கை உறவு முழுமையாக மீண்டது.

அருள்பாண்டியின் வாக்குமூலத்தையும் யாரோ பொற்சோலை நகர்க் குழுவுக்கு அனுப்பிவைத்தார்கள். சங்கம் அதைப் பரிசீலித்துத் 'தகவலுக்காகப் பதிவுசெய்தது'. தீர்மானத்தைத் திரும்பப் பெறும் வழக்கம் சங்கத்தில் இல்லையாம்.

அடுத்த ஞாயிறும் வந்தது. கருவிப் பெட்டி வழக்கம்போல் திறக்கப்பட்டது. ஆனால் ஓட்டுநர் இருக்கையில் அருள்பாண்டி அமர்ந்திருந்தார். அவரே விரும்பிக் கேட்டு வாங்கிய இடம் அது. காணொளியை முதலிலிருந்து பார்த்து முடித்த தமிழ்வாணி, கப்பை நிரப்பிவிட்டு, கையில் ஸ்பேனரோடு பின்சக்கரத்தின் பக்கம் போனாள். கார் மேற்கே பார்த்துத்தான் நின்றது.

"மிதிங்க."

"மிதிச்சிட்டேன்."

"பிடிங்க."

"பிடிச்சிருக்கேன். விடட்டுமா?"

"நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க."

"சரி."

தெருவே கேட்கும்படி உரத்த குரலில் "சரி" என்றார் அருள்பாண்டி. குரல் கேட்டதும் இரண்டு நாற்காலிகள் போர்டிகோவுக்கு வந்து சேர்ந்தன.

"தம்பி, கொஞ்சம் சீரா மிதிங்க" என்றார் துளசிராம்.

"தங்கச்சி, மறுபடியும் அக்கினி மூலையிலயா ஆரம்பிக்கிற?" என்றார் சிவனாண்டி.

தமிழ்வாணி பாயிலிருந்து எழுந்து வந்தாள். எண்ணெய் வழியும் ஸ்பேனரை இருவருக்கும் நடுவில் நீட்டினாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்கண்ணே. ஒரு ஆளு குறையுது. ஒருத்தர் கீழ படுத்து இதைத் திருகுங்க, இன்னொருத்தர் கப்பைப் பார்த்து ஊத்துங்க."

துளசிராமுக்குக் கண்மாய்க்கரைப் பலகையைப் பார்வையிடும் பணி நினைவுக்கு வந்தது. சிவனாண்டிக்கு ஒரு மனையின் நல்ல நேரம் முடியப்போவது நினைவுக்கு வந்தது.

அன்று பொற்சோலை நகரில் காற்றை வெளியேற்றும் பணி முழு வெற்றி பெற்றது. குழாயில் இருந்த காற்று குமிழி குமிழியாக ஊறுகாய்ப் பாட்டிலுக்குள் வந்தது. மீதிக் காற்று தத்தம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தது.